கை வைத்ததும் பச்சை

எந்த மெஷினைத் திறக்கப் போனாலும் துளசிமணி முதலில் வலது உள்ளங்கையை அதன் மூடி மேல் வைப்பாள். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அப்படியே நிற்பாள். பிறகு கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஸ்குரூ டிரைவரைத் தொடுவாள். பெரிய பக்தி என்றெல்லாம் இல்லை. ஆயுத பூசையன்றைக்கு மட்டும் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, மற்ற நாளெல்லாம் ஓடவில்லை என்றால் காலால் உதைக்கிற ஆட்களைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகி, அவளாகப் பழகிக்கொண்டது. அந்த ஒரு பழக்கத்தை வைத்து அவளை எப்படி ஏமாற்றினார்கள் என்பதுதான் கதை.

அவள் பார்த்த வேலை, ‘நீர்மை’ மெஷின்களுக்குச் சர்வீஸ். முன்னெல்லாம் கிட்னி போனவர்கள் வாரத்தில் பாதி நாளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழித்தார்கள். நீர்மை வந்த பிறகு அந்த அலைச்சல் போய்விட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன பீரோ அளவுக்கு நிற்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கையில் குழாயை மாட்டிக்கொண்டு படுத்தால், ரத்தத்தைச் சுத்தம் பண்ணி, உடம்பில் தேங்கிய நீரையும் எடுத்துவிடும். கோயமுத்தூரில் குடிக்கிற தண்ணீரே கெட்டுப்போன அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது அது இருந்தது.

மெஷின் மேலே வழவழவென்று ஒரு கண்ணாடி மூடி. அதற்குள் ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் படுக்கலாம். எப்போதாவது, தொடங்கப் போகிற நேரம் பார்த்துச் சிவப்பு எரியும். “சிறிய தடங்கல். கவலை வேண்டாம். உங்கள் துணைவர் வந்துகொண்டிருக்கிறார்” என்று மெஷினே இனிக்க இனிக்கச் சொல்லும். துணைவர் என்றால் சர்வீஸ் ஆள். மெக்கானிக் என்ற வார்த்தை கம்பெனிக்குப் பிடிக்காது.

இதில்தான் துளசிமணிக்குப் பேர் வந்தது. மற்ற துணைவர்கள் போனால் திறந்து, கழற்றி, மாற்றி, முக்கி முனகித்தான் பச்சை வரும். துளசிமணி போய்க் கையை வைத்து எடுப்பாள், பச்சை எரியும். முதலில் அவளே நம்பவில்லை. “எங்கியோ லூஸ் கனெக்சனா இருக்குமுங்க” என்று சொல்லி, மனது கேட்காமல் எல்லாவற்றையும் திறந்து துடைத்து மாட்டிவிட்டு வருவாள். ஆனால் அடுத்த வீட்டிலும் அதேதான், அதற்கடுத்த வீட்டிலும் அதேதான். வடவள்ளியிலிருந்து சிங்காநல்லூர் வரைக்கும் பேச்சு பரவிவிட்டது. கைராசிக்காரி. அந்த அம்மிணியை அனுப்புங்க, வேற ஆள் வேண்டாம் என்று கம்பெனிக்குப் போன் பண்ண ஆரம்பித்தார்கள்.

அந்த வார்த்தை துளசிமணியை என்ன பண்ணியிருக்கும் என்று தெரிய வேண்டுமானால் அவளுடைய பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும். கல்யாணமாகி அடுத்த ஆடி வருவதற்குள் பைக்கில் போன புருசன் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து நல்லது நடக்கிற வீட்டில் அவளுக்குச் சமையல்கட்டுதான் இடம். யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள். குங்குமமும் பூவும் வெற்றிலையும் வைத்த தாம்பாளம் ஒவ்வொருத்தராகச் சுற்றி வரும், அவளிடம் வரும்போது மட்டும் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் போகும். சொந்தத் தங்கை மிருதுளாவின் கல்யாணத்திலேயே அப்படித்தான் தாண்டிப் போயிற்று. அம்மா இல்லாத அந்தத் தங்கைக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, வெளியூரில் டிசைன் படிக்க வைத்தது துளசிமணிதான்.

கைராசிக்காரி என்ற பேர் வந்த பிறகு அதே ஜனங்கள் கடை திறக்கக் கூப்பிட்டார்கள். புது வண்டிக்கு முதல் சாவி போடச் சொன்னார்கள். தாம்பாளம் அவளிடம் வந்து நின்றது. முதல் தடவை அப்படி நின்றபோது அவள் குங்குமத்தை எடுக்கத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், சந்தோசத்தில்தான்.

அவளிடம் ரொம்பப் பிரியமாக இருந்த வீடு வடவள்ளி நாச்சிமுத்து வீடு. மனுசர் டவுன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் முதன்முதலில் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோதே அவருக்கு அவளைப் பிடித்துவிட்டது.

“நானும் ஸ்டீயரிங்கத் தொட்டுக் கும்பிடாம ஒரு நாளும் வண்டிய எடுத்ததில்ல அம்மிணி. நாம ஒரே ஜாதி,” என்றார்.

“அப்படிங்களா பெரியப்பா. அப்ப உங்களுக்கு ரெண்டு பில்டர் சேத்துப் போட்டுர்றேன்.”

“பில்டரெல்லாம் எதுக்கு. உங் கை பட்டாப் போதும், இது மூச்சு விடும்.”

அவர் மனைவி ருக்குமணி காபியும் கொடுத்து, கிளம்பும்போது தாம்பாளத்தையும் நீட்டுவாள். துளசிமணி பூவை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லுவாள். “மறுபடி சிவப்பு எரிஞ்சா பயப்படாதீங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் இதைத் தொட வேண்டாம்.” அது கம்பெனி டிரெய்னிங்கில் சொல்லிக் கொடுத்த வாக்கியம். ஆனால் சொல்லிச் சொல்லி, அவளுக்கு அது தன்னுடைய சொந்த வார்த்தை மாதிரியே ஆகிப்போனது.

மிருதுளா படிப்பு முடித்து அதே கம்பெனியில்தான் பெரிய டிசைனராக இருந்தாள். மெஷின் எப்படி இருக்க வேண்டும், என்ன குரலில் பேச வேண்டும், துணைவர் என்ன சட்டை போட வேண்டும் என்பதெல்லாம் அவள் மேற்பார்வைதான். பொள்ளாச்சியில் அவள் புது வீடு கட்டிக் குடிபோனபோது, பால் காய்ச்ச அக்காதான் வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மாப்பிள்ளை வீட்டு அத்தைமார்கூட மறுபேச்சுப் பேசவில்லை. துளசிமணி போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, சிவப்பில் சரிகை போட்ட சேலை கட்டி, அடுப்பு முன்னால் நின்றாள். பால் பொங்கி வழிந்தபோது அவசரத்தில் பாத்திரத்தைப் பிடித்துவிட்டாள். விரலிலும் மணிக்கட்டிலும் கொப்புளம். மருந்து தடவி, கை முழுக்கத் துணி சுற்றிக் கட்டினார்கள். அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போ என்று மிருதுளா சொன்னதற்கும் சரி என்றுவிட்டாள்.

திரும்பி வந்து போனைத் திறந்தால் ருக்குமணியின் அழைப்பாகவே வந்து கொட்டியது.

நாச்சிமுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூக்கில் குழாய், முகமெல்லாம் வீங்கி ஆளே அடையாளம் தெரியவில்லை. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டி, கண் செருகின பிறகுதான் அக்கம்பக்கத்துக்காரர்கள் தூக்கி வந்திருக்கிறார்கள். ருக்குமணி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“அன்னைக்குக் காத்தாலயே சிவப்பு எரிஞ்சுது. தண்டபாணின்னு ஒருத்தர் வந்தாரு. எல்லாத்தையும் மாத்தினாரு, பச்சை வரல. ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க, ஒரு நாள் அங்க பண்ணிக்கலாம்னு அவரும் சொன்னாரு, நானும் சொன்னேன். உங்க பெரியப்பா கேக்கல. அம்மிணி நாளைக்கு வந்துரும், அது வராமயா போகும்னே உக்காந்திருந்தாரு. நீ சொல்லிட்டுப் போனதுதான அம்மிணி, நான் வர்ற வரைக்கும் யாரும் தொட வேண்டாம்னு.”

டாக்டர் வந்து, இந்தத் தடவை பிழைத்துவிட்டார், இன்னொரு தடவை இப்படிப் போட்டு வைத்தால் இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்லும்போது அவர் துளசிமணியைத்தான் பார்த்த மாதிரி இருந்தது.

ருக்குமணியிடம் சாவி வாங்கிக்கொண்டு, தண்டபாணியையும் வரச் சொல்லி, நேரே வடவள்ளி வீட்டுக்குப் போனாள். வெறும் வீட்டில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பழக்க தோசத்தில் கையை வைக்கப் போனாள். வலது கையில் கட்டு. சரியென்று இடது கையை வைத்தாள். சிவப்புதான்.

“பீச்சாங்கைல ராசி இருக்குமாக்கா,” என்று தண்டபாணி சிரித்தான்.

அவளும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். மோட்டார், வடிகட்டி, குழாய், வால்வு, ஒயர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை. புதுசாக வந்து இறங்கின மெஷின்கூட இவ்வளவு சுத்தமாக இருக்காது. கெடுவதற்கே ஒன்றுமில்லாத மெஷின் ஏன் நிற்க வேண்டும்? துளசிமணி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வலது கைக் கட்டை அவிழ்த்தாள். விரல்தான் வெந்திருந்தது, உள்ளங்கை தப்பித்திருந்தது. அதை மூடி மேல் வைத்தாள்.

பச்சை எரிந்தது. “தடங்கல் நீங்கியது. உங்கள் துணைவருக்கு நன்றி” என்றது மெஷின்.

தண்டபாணி முகத்தில் ஈயாடவில்லை. “அக்கா, இது ரிப்பேரே இல்லீங்க,” என்றான். “இது உங்க கைய அடையாளம் கண்டுக்குது.”

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சில வருசத்துக்கு முன்னால், அட்டெண்டன்சுக்கு என்று சொல்லி, ஒரு கண்ணாடித் தட்டின் மேல் அவள் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பதிவெடுத்தார்கள். விரல் ரேகை போதாதா, கை முழுக்க எதுக்கு என்று அவள் கேட்டாள். கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே, அவள் கையை எடுத்துத் தட்டின் மேல் வைத்து அழுத்தினது மிருதுளா.

பீளமேடு ஆபீசில் மிருதுளா எதையும் ஒளிக்கவில்லை. அதுதான் துளசிமணிக்கு இன்னும் வலித்தது. இல்லவே இல்லையென்று கத்தியிருந்தால் இவளும் திருப்பிக் கத்தியிருப்பாள். மிருதுளா கதவைச் சாத்திவிட்டு, அக்காவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நிதானமாகச் சொன்னாள்.

“பழுதே ஆகாத மெஷினை யாரும் நெனைச்சுக்கூடப் பாக்கறதில்லக்கா. அது பாட்டுக்கு ஓடும். வேற கம்பெனிக்காரன் வந்து கூப்பிட்டா மாறிப் போயிருவாங்க. ஆனா ஒருக்கா நின்னு, பயந்து, ஒருத்தர் ஓடி வந்து அன்பா சரி பண்ணிக் குடுத்துட்டா, அந்த வீடு நம்மள விட்டுப் போறதே இல்ல. பல ஊர்ல பாத்தாச்சு. அதனால மெஷினே அப்பப்ப கொஞ்சம் நிக்கற மாதிரி வெச்சோம். ஓடும்போது நிக்காது, தொடங்கறதுக்கு முன்னாடிதான். ஒரு நாள் தள்ளிப் போனாலும் உடம்பு தாங்கும்னு டாக்டர்கள வெச்சுப் பாத்துத்தான் செஞ்சோம்.”

“நாச்சிமுத்து பெரியப்பாவை யாரு வெச்சுப் பாத்தீங்க?”

மிருதுளா தலையைக் குனிந்துகொண்டாள். “அவரு ஆஸ்பத்திரிக்குப் போயிருவாருன்னு நெனச்சோம். ஒரு கைய நம்பி ஒருத்தர் உசுரையே வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாருன்னு யாரும் நெனைக்கல.”

“அந்தக் கை ஏன்டி என்ற கையா இருக்கோணும்?”

“உன்ன வேலைய விட்டு அனுப்பறதா இருந்தாங்கக்கா. எல்லாத்தையும் இங்கிருந்தே சரி பண்ணலாம், வீட்டுக்கு ஆளே வேண்டாம்னாங்க. நான் உன்கூட ஒரு நாள் வந்தேன், ஞாபகம் இருக்கா? நீ கைய வெச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்ட. அந்த வீட்டு அம்மா உன்னப் பாத்த பார்வையப் பாத்தேன். அவ்வளவு நம்பிக்கை. மெஷின் மேல யாருக்கும் அது வராது. அதத்தான் உள்ள வெச்சேன். வலது உள்ளங்கை பட்டதும் பச்சை. உன்ன மட்டும் கேக்கற வீடுகள்ல வேற யாரு என்ன மாத்தினாலும் பச்சை வராது.” அவள் அக்காவின் கட்டுப் போட்ட கையைத் தொட்டாள். “என்ற கல்யாணத்துல தாம்பாளம் உன்னத் தாண்டிப் போனத நான் மணவறைல உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். அதுக்கு ஒரு வழி கெடச்சுது. விட மனசு வரல.”

“என்னக் கேக்காம.”

“கேட்டுச் செஞ்சா அது ராசி ஆகுமாக்கா?”

துளசிமணி கையை உருவிக்கொண்டாள். ஒவ்வொரு வீடாக மனசுக்குள் வந்து போயிற்று. பச்சை எரிந்ததும் கும்பிட்டவர்கள், குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தவர்கள், கடை திறக்கக் கூப்பிட்டவர்கள். அத்தனை பேரையும் அவள் ஏமாற்றியிருக்கிறாள், அவளுக்கே தெரியாமல். அவ்வளவும் பொய் என்பதைவிட, தான் அதை நம்பினோமே, ராத்திரியில் தனியாகக் கையை விரித்துப் பார்த்துச் சந்தோசப்பட்டோமே என்பதுதான் அவமானமாக இருந்தது.

“நம்ப வெச்சுக் கழுத்த அறுத்துட்டியே மிருது,” என்றாள்.

மிருதுளா அழுதாள். அதை நிறுத்தச் சொல்ல முடியாதா என்று துளசிமணி கேட்டதற்கு, இப்போது எல்லா ஊருக்கும் போய்விட்டது, ஊருக்கு ஒரு கை வைத்தாகிவிட்டது, என் கையில் இல்லை என்றாள். போலீசுக்குப் போனால் முதலில் மாட்டுவது மிருதுளாதான். வளர்த்த பாசம் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுமா? துளசிமணிக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். நாச்சிமுத்து இன்னொரு தடவை தனக்காகக் காத்திருக்கக் கூடாது. காத்திருந்தால் செத்துப்போவார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு நன்றாகத் திரும்பியதும் அவரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் வீங்கின முகத்தோடு சிரித்தார். “பாரு ருக்கு, அம்மிணி எவ்வளவு அடக்கமா பேசுது.” தண்டபாணியைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். போனில் ரொம்ப நேரம் தொண்டையைச் செருமிவிட்டு, எனக்குக் குடும்பம் இருக்குதுங்கக்கா என்றான். ஆக, நேரில் காட்டினால்தான் உண்டு.

“அவுங்க ஊட்டுல அடுத்த சிவப்பு எப்ப வரும்?” என்று மிருதுளாவிடம் கேட்டாள்.

“அவங்க பயந்து போயிருக்காங்க. பயந்த வீட்டுக்குச் சீக்கிரமே ஒண்ணு வெப்போம், சரியாயிட்டா மனசு தேறிக்கும்னு. வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை.”

“அன்னைக்கு நான் போறேன். இடது கைய வெச்சுக் காட்டறேன், அப்புறம் வலது கைய வெச்சுக் காட்டறேன். கண்ணால பாத்தா நம்புவாரு. சிவப்பு எரிஞ்சா நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லிட்டு வந்துர்றேன். நீ யாருகிட்டயும் சொல்லாத.”

“சொன்னா உனக்கு மறுபடியும் சமையல்கட்டுதான்க்கா.”

“இருக்கட்டும்.”

மிருதுளா அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசில் இடிச் சத்தத்துக்குப் பயந்து பிடிக்கிற அதே பிடி. “சரிக்கா. உன்ற இஷ்டம். நான் குறுக்க நிக்கமாட்டேன்,” என்றாள். துளசிமணி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். கோபம் தீரவில்லை, ஆனாலும் தங்கை தங்கைதானே என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் போய்ச் சேர்ந்தபோது சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்து பாதியாக இளைத்துப்போய்க் கட்டிலில் சாய்ந்திருந்தார். ருக்குமணிக்கு அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கம்பெனியிலிருந்து இன்னொரு துணைவரும் வந்து நின்றாள். புதுச் சட்டை, புதுப் பை, இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவள் போலிருந்தது. பேர் தன்ஷிகா என்றாள். அக்காவைப் பார்த்துக் கத்துக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்றாள். துளசிமணி அதைப் பெரிதாக யோசிக்கவில்லை. இவளும் பார்க்கட்டும், நல்லதுதான் என்று விட்டுவிட்டாள்.

“பெரியப்பா, பெரியம்மா, ரெண்டு பேரும் கொஞ்சம் கவனமா பாருங்க,” என்றாள். “என்ற கைல ராசி ஒண்ணும் இல்லீங்க. இந்த மெஷின் கெட்டுப் போறதே இல்ல. கம்பெனிதான் இதை வேணும்னே நிறுத்துது. என்ற வலது கை பட்டா மட்டும் ஓடற மாதிரி செஞ்சு வெச்சிருக்காங்க. நீங்க என்ன நம்போணும்னு. நான் இல்லாத அன்னைக்கு நீங்க சாகக் கெடந்ததுக்கு அதுதான் காரணம். இப்பப் பாருங்க, இது இடது கை.”

வைத்தாள். சிவப்பு மாறவில்லை.

“பாத்துக்கிட்டீங்களா. இப்ப வலது கை. இதை வெச்சதும் பச்சை எரியும். அது ராசியில்ல, தந்திரம்.”

வலது உள்ளங்கையை வைத்தாள். ஒரு மூச்சு இழுத்து விட்டாள். சிவப்பு.

கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். அழுத்தி வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். மூடி சில்லென்று கிடந்தது, விளக்கு அசையவில்லை. “சிறிய தடங்கல். கவலை வேண்டாம்” என்றது மெஷின்.

வெள்ளிக்கிழமை என்று மிருதுளாவுக்கு மட்டும்தான் தெரியும். அவளைத் தவிர வேறு யாரிடமும் துளசிமணி மூச்சு விடவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதவள், அக்கா வாசலைத் தாண்டினதும் அக்காவின் கையை அழித்துவிட்டிருக்கிறாள். துளசிமணி மூடியிலிருந்து கையை எடுத்தாள். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ருக்குமணியின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானதுதான், வருசக்கணக்காகக் கல்யாண வீடுகளில் பார்த்தது. கோபம் இல்லை அதில். ஒரு பயம். கொஞ்சம் தள்ளி நின்றால் நல்லது என்கிற பயம்.

“நான் பாக்கட்டுங்களாக்கா?” என்று தன்ஷிகா தயங்கித் தயங்கிக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் முன்னால் வந்து, வலது உள்ளங்கையை மூடி மேல் வைத்து, ஒரு மூச்சு இழுத்து விட்டு, எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அச்சு அசலாகத் துளசிமணி செய்கிற மாதிரியே. இப்போது அதையும் டிரெய்னிங்கில் சொல்லிக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

பச்சை எரிந்தது. அந்தப் பெண்ணுக்கே தூக்கிவாரிப் போட்டது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு வெட்கமும் பெருமையும் வந்தது. அது எப்படிப்பட்ட சந்தோசம் என்று அந்த அறையில் துளசிமணிக்கு மட்டும்தான் தெரியும்.

நாச்சிமுத்துவின் கண் கலங்கியிருந்தது. “நீ பொய் சொல்லோணும்னு சொல்லியிருக்க மாட்ட அம்மிணி,” என்றார் மெதுவாக. “ராசி உன்ன விட்டுப் போயிருச்சு. அதுக்கு நீ என்ன பண்ணுவ. அந்த வேதனைலதான் மெஷினையும் கம்பெனியையும் கொற சொல்லத் தோணுது. எனக்குப் புரியுது.”

“இல்லீங்க பெரியப்பா. இந்தப் பொண்ணுக்கும் அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்காங்க. இதுக்கும் ஒண்ணும் தெரியாது. தயவு பண்ணி நான் சொல்றதக் கேளுங்க. என்ன நம்ப வேண்டாம், என்ற மூஞ்சில முழிக்கவே வேண்டாம். அடுத்த தடவை சிவப்பு எரிஞ்சா யாருக்கும் காத்திருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.”

“அதான் இந்தக் கண்ணு இருக்குதே, இனி எதுக்கு ஆஸ்பத்திரி,” என்றார் அவர். சொல்லிக்கொண்டே குழாய் மாட்டக் கையை நீட்டிவிட்டார்.

ருக்குமணி உள்ளே போய்த் தாம்பாளத்தோடு வந்தாள். குங்குமம், மல்லிகைப் பூ, ரெண்டு வாழைப்பழம். துளசிமணி வாசல் பக்கம் நின்றிருந்தாள். அவளைக் கடக்கும்போது ருக்குமணி சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் வேகமாக நடந்தாள். தன்ஷிகாவின் முன்னால் போய் நின்று, எடுத்துக்கோ கண்ணு என்றாள்.

துளசிமணி கம்பெனிப் பையைச் சுவரோரம் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள். உள்ளே தன்ஷிகா பூவை வைத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால் அவர்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தன்மையான குரல். அக்கறையாகத்தான் சொன்னாள்.

“மறுபடி சிவப்பு எரிஞ்சா பயப்படாதீங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் இதைத் தொட வேண்டாம்.”

“சரி கண்ணு,” என்றார் நாச்சிமுத்து.